பொட்டு வைக்க இடமில்லாத டிவி

நேற்றுக் காலை பசியாறிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு படம் வந்தது. சுபாங் ஜெயாவில் இருக்கும் என் அண்ணன் மகள் அனுப்பியிருந்தாள். ஒரு பெரிய டிவி, அதன் திரையில் ஒரு கிளி. கிளியின் இறகுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. கீழே, "சித்தப்பா, அறுபத்தஞ்சு இஞ்ச், ஆன்லைன்ல ரொம்ப மலிவு, இன்னும் பத்து நிமிஷம்தான் ஆஃபர், வாங்கலாமா?" என்று எழுதியிருந்தாள்.

சோபாவுக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பதில் இல்லை. டிவிக்கு எதிரே ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டேன். பதில் இல்லை. வீட்டில் யார் அதிகம் பார்ப்பார்கள், என்ன பார்ப்பார்கள் என்று தட்டிக்கொண்டிருக்கும்போதே, "வாங்கிட்டேன் சித்தப்பா" என்று வந்துவிட்டது, கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று. அப்புறம் என்னை எதற்கம்மா கேட்டாய்?

நான் ஓய்வு பெற்ற பிறகு இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் கேட்கிறார்கள். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு சாவு வீட்டில், பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால், ஒருவர் என் தோளைத் தொட்டு, "அந்தோணி, இந்த ஃபோர் கே, எயிட் கேன்றாங்களே, அது என்னா வித்தியாசம்?" என்று கேட்டார். இத்தனை கேட்கிறார்களே, சொன்னதைக் கேட்கிறார்களா என்றால் ஒருத்தரும் இல்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இதைப் படிக்கச் சொல்லிவிட்டு என் தேநீரை ஆறுவதற்குள் குடிக்கலாம்.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் பிறந்தேன். பள்ளிக்கூடம் முடிந்ததும் மாலை வகுப்பில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன், ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கக் கற்றுக்கொள்வதற்குள் இரண்டு கை விரல்களையும் சுட்டுக்கொண்டேன். கிள்ளானில் ஒரு மின்சாரப் பொருள் கடையில் டிவி பழுதுபார்க்கச் சேர்ந்தேன். பெட்டி டிவி போய்த் தட்டை டிவி வந்தபோது, பழுதுபார்க்க ஒன்றும் இல்லாமல் போயிற்று, ஏனென்றால் திரை போனால் மொத்தமும் போன மாதிரிதான். கடையில் விற்பது, வீட்டில் கொண்டுபோய் மாட்டுவது என்று வேலையை மாற்றிக்கொண்டேன். கடைசி வரையில் அதே கடைதான்.

எங்கள் முதலாளி ஓங், கிள்ளான்காரர். சுற்றிலும் தமிழர்கள் இருந்த தெருவில் வளர்ந்த சீனர். தமிழ் நன்றாகவே வரும், எரிச்சல் வந்தால் மட்டும் மலாய்க்குப் போய்விடுவார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய துணியை எடுத்துப் பக்கத்தில் இருக்கும் டிவித் திரையைத் துடைக்க ஆரம்பிப்பார், மேலிருந்து கீழே, ஒரே திசையில், மெதுவாக. அவர் துணியை எடுத்தால் நாங்களெல்லாம் ஏதோ வேலை இருப்பதுபோல் ஸ்டோருக்குள் போய்விடுவோம்.

அவருடைய வியாபார முறை என் உயிரை வாங்கியது. கடைகளில் வைத்திருக்கும் டிவிகளுக்கு ஒரு தனி வெளிச்சம் உண்டு. அத்தனை விளக்குகளுக்கு நடுவிலும் கண்ணைப் பறிக்க வேண்டும் என்று அப்படி வைத்திருப்பார்கள். அதில் ஓடுவதும் கிளி, தேன், கடலடி மீன். வீட்டில் யாரய்யா தேன் வடிவதைப் பார்க்கிறார்கள்? வீட்டில் ஓடப்போவது மத்தியானச் சீரியல், அதுவும் மழை பெய்தால் நின்றுபோகும் சேட்டிலைட்டிலிருந்து. ஆள் வந்து, "இதையே கொடுங்க" என்று பணப்பையைத் தொடும் நேரத்தில் ஓங் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வருவார். அந்த வெளிச்சத்தைக் குறைப்பார், கிளியை நிறுத்திச் சீரியலைப் போடுவார். "உங்க சோபா எவ்ளோ தூரம்?" என்று கேட்டு, அந்தத் தூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொல்வார். வாங்க வந்தவர் முகம் தொங்கிப் போகும். பாதிப் பேர் எழுந்து, கிளி பறந்துகொண்டிருக்கும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். என் கமிஷனும் அவர்கள் பின்னாலேயே போகும்.

"பாஸ், வாங்குறேன்னு சொன்ன ஆள ஏன் பாஸ் பயமுறுத்துறீங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அந்தோணி, கடையில ஒரு மணி நேரம் பாக்குறான். வீட்டுல பத்து வருஷம் பாப்பான். யாரைத் திட்டுவான்? என்னைத்தான் லா" என்றார்.

வீட்டில் மாட்டுவதற்கும் அவர் வைத்த ஒழுங்கு உண்டு. பெட்டியை வீட்டுக்காரர் முன்னால்தான் பிரிக்க வேண்டும். திரையைப் படுக்க வைக்கக் கூடாது, கண்ணாடிக் கதவைத் தூக்குவதுபோல் இரண்டு பேர் நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும். விளிம்பை விரலால் பிடிக்கக் கூடாது, அடியில் உள்ளங்கையைக் கொடுக்க வேண்டும். சுவரில் ஏற்றுவதற்கு முன்பே மின்சாரம் கொடுத்து, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஒவ்வொரு நிறமாகத் திரை முழுக்கப் போட்டுக் காட்ட வேண்டும். புள்ளியோ கோடோ இல்லை என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் ஆணி. ஷா ஆலமில் ஒரு வீட்டில், இதெல்லாம் எதற்கு, சீக்கிரம் மாட்டுங்கள் என்று அவசரப்படுத்தினார்கள். நான் மாட்டவில்லை. திட்டு வாங்கிக்கொண்டே ஐந்து நிறத்தையும் காட்டி முடித்தேன்.

ஆனால் எந்த ஒழுங்குக்கும் அடங்காத ஒன்று எங்கள் ஆட்களிடம் உண்டு. புதுப் பொருள் எதை வாங்கினாலும் அதைச் சும்மா விட முடியாது. கார் வாங்கினால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம். ஃபிரிட்ஜ் வாங்கினால் கதவில் சந்தனம், குங்குமம். நான் கத்தோலிக்கன், எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? ஏணியிலிருந்து இறங்குவதற்குள் புனித நீர் போத்தலோடு வந்து நிற்பார்கள். "கரண்டு ஓடுது ஆன்டி!" என்று கத்தினால், "ஒண்ணும் ஆகாது லா, ஃபாதர் மந்திரிச்சுக் குடுத்தது" என்று தெளித்துவிட்டுத்தான் போவார்கள்.

பெட்டி டிவி காலத்தில் இதெல்லாம் தொல்லையே இல்லை. திரையைச் சுற்றி அகலமான சட்டம் இருந்தது, பொட்டு வைத்தால் ஜம்மென்று இருக்கும். பிறகு சட்டம் மெலிந்தது. மெலிந்து மெலிந்து ஒரு நாள் காணாமலே போயிற்று, ஓரம் வரைக்கும் வெறும் திரை. அதைச் செய்தவர்கள் எங்கள் ஆட்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பொட்டுக்கு இடம் தேடிச் சிலர், கீழே நடுவில் சின்னதாகத் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் வைத்தார்கள். ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் கண் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் கடைக்குப் போன் வரும், "ரிமோட்டு வேலை செய்யல, ஏமாத்திட்டீங்க." கொட்டுகிற மழையில் டெங்கில் ஊர் வரைக்கும் வேனை ஓட்டிக்கொண்டு போய், ஒரு துளிக் குங்குமத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு, எந்த வீட்டில் மாட்டினாலும் கிளம்பும்போது ஒன்று சொல்லிவிட்டு வருவது என் வழக்கமாயிற்று. "பொட்டு வைக்கிறதா இருந்தா அட்டைப் பெட்டியில வைங்க. டிவியில கை வைக்காதீங்க." எல்லோரும் தலையாட்டுவார்கள்.

லெட்சுமியும் தலையாட்டினாள்.

கிள்ளானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் குடியிருந்தாள். பள்ளிச் சிற்றுண்டிச் சாலை ஒன்றில் சமையல் வேலை. அவள் கணவர் மாரியப்பன் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறிப்போனது. ஹாலில்தான் படுக்கை. நாள் முழுக்கப் பார்ப்பதற்கு ஒரு சின்ன டிவி இருந்தது. அவருக்குக் காற்பந்து என்றால் உயிர். ஆனால் திரையின் மேல் இடது மூலையில் போடுகிறார்களே, யார் எத்தனை கோல் என்று, அந்த எழுத்து படுக்கையிலிருந்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டிலை முன்னால் தள்ளலாம் என்றால் குளியலறைக் கதவை மறைத்துவிடும். அவர் குழறிக் குழறி "எத்தன? எத்தன?" என்று கேட்பாராம். லெட்சுமி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து படித்துச் சொல்ல வேண்டும்.

"எனக்குப் பந்தப் பத்தி என்னாண்ணே தெரியும்? இவரு கேக்குறத நிறுத்திட்டாரு. அதான் எனக்குத் தாங்கல. எத்தனன்னு தெரியாமலே சும்மா பாத்துக்கிட்டு இருக்காரு" என்றாள்.

சீட்டுப் பணம் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தவள், வருவோர் போவோரின் யோசனையை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வளைந்த திரைதான் நல்லது என்றாராம். தங்கை மகன் இன்டர்நெட் இல்லாத டிவி டிவியே இல்லை என்றானாம். எனக்குப் பொறுமை போய், "உங்களுக்கு என்னாம்மா வேணும்?" என்றேன்.

"கோல் தெரியணும்ண்ணே. அவ்ளோதான்."

ஓங் அதைக் கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்து வந்தார். அவள் உட்காரவில்லை. "பாஸ், அவரு படுத்துக்கிட்டுல பாப்பாரு? நானும் படுத்துப் பாக்கவா?" என்றாள். சனிக்கிழமை, கடை முழுக்க ஆள். ஓங் இன்னும் மூன்று நாற்காலிகளை எடுத்து வந்து வரிசையாகப் போட்டார். லெட்சுமி சேலையைச் சரிசெய்துகொண்டு அவற்றின்மேல் நீட்டிப் படுத்தாள். ஓங் ஒரு பழைய காற்பந்து ஆட்டத்தைப் போட்டார். ஒவ்வொரு டிவியாக அவளுக்கு நேரே நகர்த்தினோம். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இல்ல... இல்ல..." என்றாள். பெரியதும் மலிவுமான ஒன்று வந்தபோது, "ரெண்டு, ஒண்ணு! தெரியுது பாஸ்!" என்று கத்தினாள். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எழுந்து உட்கார்ந்தவள் என்னிடம் மெதுவாக இன்னொன்றும் சொன்னாள். அந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு எடுக்காமல் விட்டுவிட்டாளாம். அவருக்குப் பக்கவாதம் வந்தது அதனால்தானாம். "என்னாலதாண்ணே இவரு இப்படி ஆனாரு" என்றாள். இரத்த அழுத்தத்தால் வருவதம்மா என்று எவ்வளவோ சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை.

நானும் கூட வேலை செய்த செல்வமும் கொண்டுபோனோம். லிஃப்ட் வேலை செய்யவில்லை, எப்போதுதான் செய்தது? நான்கு மாடியும் நிமிர்த்திப் பிடித்தபடியே ஏற்றினோம். ஐந்து நிறத்தையும் காட்டினோம். படுத்துப் பார்ப்பவருக்கு வசதியாக மேலே ஏற்றிச் சற்றே முன்னால் சாய்த்து மாட்டினோம். ஏதோ ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மாரியப்பன் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஒண்ணு... சைபர்" என்றார். சமையலறையிலிருந்த லெட்சுமி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "என்னா சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள். அவர் இன்னொரு தடவை சொன்னார். நான் என் வழக்கமான வார்த்தையைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். இறங்கி வந்தோம்.

சாயங்காலமே போன் வந்தது. "அண்ணே, டிவி செத்துப்போச்சு."

மறுநாள் காலையில் நான் மட்டும் போனேன். மேல் இடது மூலையில் மை கொட்டியதுபோல் கறுப்பு. அங்கிருந்து கோடு கோடாகக் கீழே இறங்கியிருந்தது. கோல் எண்ணிக்கை வரும் அதே இடம்தான் போய்விட்டது. லெட்சுமி அழுது முடித்து, சண்டைக்குத் தயாராக நின்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் மாட்டும்போது இடிச்சிருக்கீங்க."

"மாட்டுன பிறகு நீங்களே பாத்தீங்களேம்மா. அவரு கோல் படிச்சாரே."

"அது உள்ளுக்குள்ளயே மெதுவா விரிசல் விட்டுருக்கும்லா!"

நான் முக்காலியில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தேன். விரிசல்களெல்லாம் ஓரத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருந்தன. அந்த இடத்தில் துடைத்தும் போகாத மஞ்சள் கறை. டிவியின் பின்பக்கத்தில் நான்கு விரல்களின் சந்தனத் தடம். முக்காலியில் நின்றவள் விழாமல் இருக்க டிவியின் மூலையைப் பற்றிக்கொண்டு, முன்னால் கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறாள். அப்பளம் மாதிரித் திரை, அது தாங்குமா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சொன்னேனே! படித்துப் படித்துச் சொன்னேனே!

"பொட்டு எங்கம்மா வச்சீங்க?"

"அங்கதான், மேல. பெட்டியில எப்படிண்ணே வைக்கிறது, அது குப்பைக்குப் போறது. இவரு எந்திரிச்சு நடக்கணும், இந்த டிவி வந்த நேரம் எல்லாம் நல்லா ஆகணும்னு வேண்டிக்கிட்டு, நல்லா அழுத்தி வச்சேன். கெட்டுப்போன பிறகு பாக்கச் சகிக்கல, நாந்தான் தொடச்சேன். ஏண்ணே?"

அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. நான் வாயைத் திறந்தேன்.

"நான்" என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

மாரியப்பன் தலையைத் தூக்க முயன்றார். "நாந்தான்... ரிமோட்டு... எறிஞ்சேன்."

"என்னது?" என்றாள் லெட்சுமி.

"கோலு... விட்டுட்டான். கோவம்."

ரிமோட் அவர் தலையணைக்குப் பக்கத்தில் கீறல் இல்லாமல் கிடந்தது. நல்ல கையாலும் அவரால் அதை அந்த உயரத்துக்கு எறிந்திருக்க முடியாது. அவள் பொட்டு வைத்ததைப் படுத்தபடியே முழுக்கப் பார்த்தவர் அவர். திரை கறுத்ததையும் பார்த்திருப்பார். ஏன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது என்னையே பார்த்தார். சொல்லிவிடாதே என்று ஒரு மனுஷன் கண்ணாலேயே அப்படிக் கெஞ்சி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எடுக்காத பால்குடத்தின் பாரத்தையே இன்னும் இறக்கி வைக்காதவள், தன் புருஷன் நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தன் கையால் உடைத்தாள் என்று தெரிந்தால் என்ன ஆவாள்?

"ஆமாம்மா, ரிமோட்டுதான் பட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அடுத்து அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. "உங்களுக்கு அறிவு இருக்காங்க? நாலு மாடி தூக்கிட்டு வந்தாங்களே! லோரி ஓட்டும்போது வராத கோவம் படுத்துக்கிட்டு வருதா? யாரோ எவனோ பந்த விட்டா உங்களுக்கு என்னாங்க?" என்று என்னை வைத்துக்கொண்டே வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் வாயின் வேலை செய்கிற பாதியால் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடையில் ஓங் நான் எடுத்து வந்த படங்களைப் பார்த்தார். "ரிமோட்டா?"

"ஆமா பாஸ்."

"ரிமோட்டுக்கு நாலு விரல் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே துணியை எடுத்தார். வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் துடைத்தார். பிறகு, காட்சிக்கு வைத்திருந்த, போன வருஷத்து மாடல் ஒன்றைக் காட்டி, அதே அளவுதான், இதைக் கொண்டுபோ என்றார். சும்மா கொடுக்கவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் லெட்சுமிக்குக் கட்டுப்படியாகும் விலையைச் சொன்னார்.

"இந்த வாட்டி பொட்டு வைக்காதன்னு நல்லா சொல்லிடு."

"எப்படி பாஸ் சொல்றது? உடைச்சது ரிமோட்டுன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கேன். ஏன் வைக்கக் கூடாதுன்னு கேட்டா?"

"அடோய்" என்றார் ஓங். மறுபடியும் துணியை எடுத்தார்.

செல்வமும் நானும் மறுபடி நான்கு மாடி ஏறினோம். மறுபடி ஐந்து நிறம். கடைசித் திருகாணியை முடுக்கித் திரும்பினால், லெட்சுமி முக்காலியைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். கையில் சந்தனக் கிண்ணம்.

"போன வாட்டி சரியா ஒட்டல போல. அதான் திருஷ்டி பட்டு இவரு கைய நீட்டிட்டாரு. இந்த வாட்டி ரெண்டு பக்கமும் நல்லா அழுத்தி வைக்கப் போறேன்."

செல்வத்தின் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது. "அட்டைப் பெட்டியில..." என்று இழுத்தேன். "சும்மா இருங்கண்ணே" என்று ஒரு காலை முக்காலியில் வைத்தாள். என்ன காரணம் சொல்லி நிறுத்துவது? எதைச் சொன்னாலும் அந்த மனுஷன் சொன்ன பொய் கிழிந்துவிடும். அவரைத் திரும்பிப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"லெட்சுமி."

"என்னங்க?"

"உடைச்சது... டிவி இல்ல. நான்." மூச்சு வாங்கினார். இடது கையை மெதுவாகத் தூக்கித் தன் நெற்றியில் வைத்துக் காட்டினார். "திருஷ்டி... எனக்கு. இங்க வை."

லெட்சுமி முக்காலியிலிருந்து காலை எடுத்தாள். கிண்ணத்தோடு கட்டிலுக்கு வந்தாள். "கைய எடுங்க" என்றாள். முந்தானையால் அவர் நெற்றி வேர்வையை ஒற்றி எடுத்துவிட்டு, சந்தனத்தைத் தொட்டுக் கட்டைவிரலால் வைத்தாள். அதன்மேல் குங்குமம். டிவிக்கு வைப்பதற்கு என்ன அழுத்தம் நினைத்திருந்தாளோ அந்த அழுத்தம். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வைத்து முடித்த பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை. "எந்திரிச்சு நடக்கணும், சொல்லிட்டேன்" என்று அதட்டினாள். நான் டிவியைப் போடாமல் ரிமோட்டை அவர் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன்.